லோகா கார் ஸ்பா விற்பனைக்கு

தேவானந்தம் தன்னுடைய வெள்ளைக் காரின் மேல் ஒரு வாளி சேற்றைக் கரைத்து ஊற்றிவிட்டு, அது சரியாக ஒட்டவில்லை என்று காரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"சனியனே! போன வாரம் போட்ட பாலிஷ் இன்னும் உன்ன விட்டுப் போகலையா? ஊத்த ஊத்த வழுக்கிக்கிட்டே போகுது!"

குரோம்பேட்டையில் காலையில் கார் துடைக்கிற ஆட்கள் தெருவுக்கு இரண்டு பேராவது உண்டு. காலையில் எழுந்து காரை அழுக்காக்குகிற ஆள் அந்த வட்டாரத்திலேயே இவர் ஒருத்தர்தான். பால் பாக்கெட் எடுக்க வந்த அவர் மனைவி தபீதாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடை தப்பு என்று தெரிந்தாலும் வழிமுறையைக் கேட்டுவிட்டுத்தான் மார்க்கைக் குறைப்பாள்.

"என்னங்க பண்றீங்க?"

"பிசினஸ் பண்றேன்."

"சேறு விக்கப் போறீங்களா?"

"கோபத்தக் கிளப்பாத தபீ! சுத்தமான வண்டியக் கொண்டுபோய் விட்டா எவனும்தான் நல்லா கழுவுவான். இப்படிக் கொண்டுபோய் விட்டாத்தான் அவன் கடையோட லட்சணம் தெரியும்."

அவன் என்பது லோகநாதன். கடை என்பது முடிச்சூர் ரோட்டில் இருக்கிற லோகா கார் ஸ்பா. காரைக் கழுவி, உள்ளே வெளியே சுத்தம் செய்து, பாலிஷ் போட்டு, பெயிண்ட்டுக்கு மேல் கோட்டிங்கும் அடித்து, பழைய காரையும் பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி அனுப்புகிற இடம். வாசலில் 'கடை விற்பனைக்கு' என்று பெரிய மஞ்சள் போர்டு. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்த தேவானந்தம் அந்த போர்டைப் பார்த்த நாளிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. வாங்கலாமா, வேண்டாமா?

பிடித்தால் வாங்க வேண்டியதுதானே என்பீர்கள். சொல்வது சுலபம் ஐயா. ஓய்வுப் பணத்தில் பாதியைப் போட்டுப் படப்பைப் பக்கம் ஒரு காடைப் பண்ணை வாங்கியவர் அவர். போய்ப் பார்த்த அன்றைக்குக் கூண்டு கொள்ளாமல் காடை. கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் போனால் வெறும் கூண்டுதான் இருந்தது. அத்தனையும் அக்கம்பக்கத்துப் பண்ணைகளிலிருந்து ஒரு நாளைக்கு இரவல் வாங்கி வந்த காடைகள்! மனுஷன் எதையெல்லாம் இரவல் வாங்குவது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா?

ஏமாற்றியவன் ஊரைவிட்டே போய்விட்டான். அவன்மேல் காட்டவேண்டிய கோபம் அப்படியே தேவானந்தத்தின் கைவசம் தங்கிவிட்டது. அதை அவர் பால்காரர், ஆட்டோக்காரர், ஜி.எஸ்.டி. ரோடு, செல்போன் கம்பெனி என்று யாருக்கும் குறை வைக்காமல் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இதோ பாருங்க" என்றாள் தபீதாள். "மிச்சம் இருக்கறது அந்தப் பாதிப் பணம்தான். நம்ம பொண்ணு ஜெரூஷா கல்யாணத்துக்கும் அதுதான், நம்ம கடைசி காலத்துக்கும் அதுதான். இந்தத் தடவையும் ஏமாந்தீங்கன்னா, கோவிச்சுக்கிட்டு நான் என் தம்பி வீட்டுக்குப் போக மாட்டேன். நீங்க போவீங்க."

தபீதாளின் தம்பி காலேப், எந்தக் கல்யாண வீட்டில் எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் இலையில் விழுகிற முதல் துண்டைத் தூக்கிக் காட்டி, "அத்தான், இது சொந்தக் காடையா, இரவல் காடையா?" என்று கேட்கிறவன். அவன் வீட்டில் குடியிருப்பதைவிட அந்தக் காலிக் கூண்டுக்குள்ளேயே குடியிருக்கலாம்.

"இந்தத் தடவ என்னை ஒருத்தனும் ஏமாத்த முடியாது!" என்று கத்திவிட்டு, சேறு சொட்டச் சொட்டக் காரைக் கிளப்பினார்.

லோகநாதன் முடிச்சூரின் பழைய விவசாயக் குடும்பம். நெல் விளைந்த சொந்த நிலத்தில் ஷெட் போட்டு, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எதற்கும் பதறாத முகம். அந்த முகத்தைப் பார்த்தாலே தேவானந்தத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாங்க சார். இன்னா, வண்டி வயல்ல எறங்கிட்சா?"

"ஆமா. ஒரு... ஒரு சொந்தக்காரங்க வயல்."

"பரவால்ல சார். இன்னா பேக்கேஜ் போடலாம்?"

"இருக்கறதுலயே பெரிசு எதுவோ அதப் போடுங்க. எல்லா வேலையும் நான் பாக்கணும்."

"பாருங்க சார், நல்லா பாருங்க. அவசரமே இல்ல" என்று லோகநாதன் சிரித்தார்.

தேவானந்தம் பார்த்தார். ஷாம்பூ போடுகிறவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். குழாயைத் திறந்து ஒரு வாய் தண்ணீரை ருசி பார்த்தார். உப்புத் தண்ணீராக இருந்தால் காரில் வெள்ளை வெள்ளையாகக் கறை படிந்துவிடும். சுவரைத் தட்டிப் பார்த்தார். ஒரு குற்றமும் அகப்படவில்லை. சேறு போன இடம் தெரியவில்லை. குற்றம் அகப்படாததில் அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது.

கடையில் கூட்டத்துக்கும் பஞ்சமில்லை. வெளியே மூன்று வண்டி வரிசையில் நின்றது. வந்தவர்கள் எல்லாரும், "பெரிய பேக்கேஜே போட்ருங்க" என்றார்கள். ஒருத்தரும் பேரம் பேசவில்லை. ஒரு சிவப்புக் காரின் சொந்தக்காரர், நல்ல வெயிலில், குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்துத் தண்ணீர் குடித்தார். ஒரு அம்மாள் ஷட்டரை இழுத்து இழுத்துப் பார்த்தார். நம்ம ஜனங்களுக்குக் கை சும்மா இருக்காது என்று தேவானந்தம் பல்லைக் கடித்துக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. பாதி வழியில் பிரேக் போட்டார்.

இத்தனை வண்டி எங்கிருந்து வருகிறது? காடை மாதிரி இதுவும் இரவலாக இருந்தால்?

மறுநாளிலிருந்து கடைக்கு நேர் எதிரில் இருந்த பச்சையம்மாவின் டீக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டார். கடையைப் பார்த்த மாதிரியே ஒரு புது பெஞ்சு போட்டிருந்தது. உளவு பார்க்க அதைவிட வசதியான இடம் தாம்பரம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கையில் விரித்த செய்தித்தாள். பெஞ்சில் இன்னும் இரண்டு பேர் அதேபோல் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வேலை வெட்டி இல்லாத பயல்கள் என்று மனதுக்குள் திட்டினார்.

"இன்னா சார், யாருக்காச்சும் வெயிட்டிங்கா?" என்றாள் பச்சையம்மா.

"பஸ்ஸுக்கு."

"காலேலேர்ந்து பஸ்ஸு போய்கினே கீது. நீ ஏறவே இல்லியே?"

"கூட்டமா இருக்கு!"

"சரி சார், கோச்சிக்காத. இன்னோரு டீ போடட்டா?"

டீ குடித்துக் குடித்து வயிறு எரிந்ததுதான் மிச்சம். வண்டிகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. அவை இரவலா சொந்தமா என்று பெஞ்சில் உட்கார்ந்து எப்படிக் கண்டுபிடிப்பது? பொறுமை போய்விட்டது. அவரிடம் அது எப்போதுமே கொஞ்சம்தான் இருக்கும். அந்தச் சிவப்புக் கார் மறுபடியும் வந்து, பளபளவென்று வெளியே போனதும், தேவானந்தம் தன் காரில் தாவி ஏறி அதன் பின்னால் போனார்.

பெருங்களத்தூர் சிக்னலில் பிடித்துவிட்டார். இறங்கிப் போய்க் கண்ணாடியைத் தட்டினார்.

"சார், ஒரு நிமிஷம். உண்மையச் சொல்லுங்க. லோகநாதன் கடைக்கு எதுக்கு வந்தீங்க?"

உள்ளே இருந்தவருக்கு முகம் வெளுத்துப்போயிற்று. "கா... கார் கழுவத்தான். வேற எதுக்கு?"

"எந்த ஊரு?"

"கேளம்பாக்கம். மெஸ் வெச்சிருக்கேன். பேரு குமரவேல். நீங்க யாருங்க இதெல்லாம் கேக்கறதுக்கு?"

"கேளம்பாக்கத்துலேர்ந்து கார் கழுவ முடிச்சூருக்கு வந்தீங்களா? யார் காதுல பூ சுத்தறீங்க?"

"அங்க... அங்க நல்லா கழுவ மாட்டாங்க."

"லோகநாதன் உங்களுக்கு எவ்ளோ குடுத்தான்?"

"அவர் எனக்கு எதுக்குக் குடுக்கணும்? என் காசக் குடுத்து நான் கழுவிட்டுப் போறேன். இது மூணாவது தடவ! பில்லு வேணுமா? ஆமா, நீங்க லோகநாதன் ஆளா? என்னை வேவு பாக்கச் சொன்னாரா?"

"நான் எதுக்குய்யா அவன் ஆளா இருக்கணும்?"

பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. ஒரு ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "யோவ்! அண்ணந்தம்பி சண்டைய வூட்டாண்ட போய் வெச்சிக்கோங்கய்யா!" என்று கத்தினார். குமரவேல் விருட்டென்று காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தேவானந்தம் நடுரோட்டில் நின்றபடி யோசித்தார். சொந்தக் காசு. கேளம்பாக்கத்திலிருந்து வருகிறார். அதுவும் மூன்றாவது தடவை! அப்படியானால் இது இரவல் காடை இல்லை. லோகநாதன் கடையின் பெயர் கேளம்பாக்கம் வரை பரவியிருக்கிறது! வாழ்க்கையில் நீண்ட நாளைக்குப் பிறகு தேவானந்தம் சந்தோஷப்பட்டார். பின்னால் நின்ற லாரிக்காரர் அவர் குடும்பத்தையே இழுத்துத் திட்டியதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

ஆனாலும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. வெளிப்புறம் சரி, உள்புறம்? அதற்கு ஒரு கடினமான பரீட்சை வைத்தாக வேண்டும். அவருடைய காரைக் கடைக்காரர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு சாப்பிட வந்த காலேப், புதுக் காரை வாசலில் நிறுத்தியிருந்தான். சாவி மேஜைமேல் கிடந்தது.

சமையலறையில் வஞ்சிரம் மீன் குழம்பு சட்டி நிறைய இருந்தது.

"அத்தான்!" காலேப் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "என் வண்டி சீட்டுல என்ன இது?"

"குழம்பு. எடுத்துட்டு வரும்போது கை தவறிடுச்சு."

"குழம்பை எதுக்கு என் காருக்குள்ள எடுத்துட்டு வந்தீங்க?"

மாட்டிக்கொண்டால் தேவானந்தத்துக்குத் தெரிந்த ஒரே வழி எகிறுவதுதான். "ஒரு கார் சீட்டுக்கு இந்தக் குதி குதிக்கிற! நான் சொல்ற கடைக்கு எடுத்துட்டுப் போ. செலவு என்னோடது!"

தபீதாள் காலிச் சட்டியோடு வாசலுக்கு வந்தாள். அன்றைக்கு எல்லாரும் ரசமும் அப்பளமும் சாப்பிட்டார்கள். தேவானந்தத்துக்கு அப்பளம் விழவில்லை.

மறுநாள் சாயங்காலம் காலேப் காரைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தான். தேவானந்தம் பின் சீட்டில் முகத்தைப் புதைத்து மோந்து பார்த்தார். மல்லிகைப்பூ வாசனை. வஞ்சிரம் இருந்த சுவடே இல்லை.

"பேசாம வாங்கிடுங்க அத்தான்" என்றான் காலேப், கோபம் ஆறாமலே. "உங்களுக்கு ஒரு கடை கெடச்சா, எங்க வண்டியெல்லாம் பிழைக்கும்."

காலேப்பே சொல்லிவிட்டான்! அதற்கு மேல் என்ன வேண்டும்? தேவானந்தம் அன்று இரவு முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினார். தபீதாளிடம், "கண்ணால பாத்துட்டேன், பின்னாடியே போய் விசாரிச்சுட்டேன், மூக்கால மோந்தும் பாத்துட்டேன். இது நூத்துக்கு நூறு சொந்தக் காடை" என்றார். அவள் பேங்க் செக் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். கொடுப்பதற்கு முன்னால், அந்தக் கணக்கு டீச்சர் மிச்சத் தொகையை மூன்று தடவை கூட்டிப் பார்த்தாள். அதைப் பார்த்ததும் முதல் தடவையாகத் தேவானந்தத்துக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. 'இவளையே கணக்கில் சந்தேகப்பட வைத்துவிட்டேனே, படுபாவி.'

காலையில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு லோகா கார் ஸ்பாவுக்குப் போனார். வாசலில் சிவப்புக் கார் நின்றது. உள்ளே லோகநாதனுக்கு எதிரில், கையில் மஞ்சள் பையோடு, குமரவேல்.

"நீங்களா!" என்றார்கள் இருவரும்.

"லோகநாதன் சார், நான் கடைய வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். அட்வான்ஸ் கொண்டு வந்திருக்கேன்" என்றார் தேவானந்தம்.

குமரவேல் துள்ளி எழுந்தார். "ஹலோ! நான்தான் முதல்ல வந்தேன். நானும் வாங்கத்தான் வந்திருக்கேன்!"

"நீங்க கார் கழுவ வந்தவர்தானே?"

"அப்படிச் சொன்னா நம்பிடுவீங்களா? மூணு தடவ வந்து கழுவிப் பாத்தும் வாங்கலாமா வேணாமான்னு குழம்பிட்டிருந்தேன். அன்னிக்கு சிக்னல்ல நீங்க வந்து மிரட்டினீங்க பாருங்க, அப்பதான் இந்தக் கடைக்கு இவ்ளோ போட்டியான்னு புரிஞ்சுது. மெஸ்ஸை மச்சான்கிட்ட விட்டுட்டு ஓடியாந்துட்டேன்!"

தேவானந்தத்துக்கு உச்சி மண்டை சுர்ரென்றது. இவரே போய், தன் வாயால், போட்டிக்கு ஆள் பிடித்துக் கொடுத்திருக்கிறார்! "யோவ்! ஒரு மாசமா உயிரக் குடுத்து விசாரிச்சவன் நானு! தொப்பி வாங்கி, கண்ணாடி வாங்கி, மீன் குழம்பு ஊத்தி..."

"நான் மட்டும் சும்மாவா? கடைத் தண்ணியக் குடிச்சு ரெண்டு நாள் வயித்துப்போக்கு எனக்கு!"

மஞ்சள் பையும் செக் புத்தகமும் முகத்துக்கு நேரே ஆடின. வேலை செய்தவர்கள் ஷாம்பூ நுரையோடு எட்டிப் பார்த்தார்கள். லோகநாதன் மட்டும் நாற்காலியைவிட்டு அசையவில்லை.

"ரெண்டு பேரும் கொஞ்சம் உக்காருங்க சார். நான் விக்க மாட்டேன்னா சொன்னேன்? எங்க குலதெய்வத்தாண்ட பூ கட்டிப் பாத்துட்டுத்தான் எதையும் செய்வோம். செவப்புப் பூ ஒரு பொட்லம், வெள்ளப் பூ ஒரு பொட்லம். வெள்ள வந்தா விக்கலாம்னு அர்த்தம்."

"கட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். செவப்பு வந்துட்சு."

"அப்புறம்?"

"அடுத்த அமாவாசைக்கு மறுபடியும் கட்டிப் பாக்கலாம். அதுவரைக்கும் நல்லா பாத்துக்கினு இருங்க. அவசரமே இல்ல."

"அவசரமே இல்ல, அவசரமே இல்ல!" தேவானந்தம் மேஜையில் ஓங்கி அடித்தார். "உங்க சாமி வெள்ளப் பூ குடுக்கறதுக்குள்ள எனக்கு வெள்ளத் துணி போத்திடுவாங்கய்யா! நான் சர்ச்சுக்குப் போற ஆளு. எனக்கு எதுக்கு உங்க பூ?"

"ஆனா கடை எங்க குலதெய்வம் குடுத்தது சார்" என்றார் லோகநாதன், அதே சிரிப்போடு. "இவ்ளோ தூரம் வந்துட்டீங்க. பேசிக்கினு நின்ன நேரத்துக்கு ரெண்டு வண்டியையும் உள்ள விட்டாச்சு. பெரிய பேக்கேஜ்தான போட்றது?"

தேவானந்தம் திரும்பிப் பார்த்தார். அவருடைய வெள்ளைக் காரும் குமரவேலின் சிவப்புக் காரும் பக்கத்தில் பக்கத்தில் நுரைக்குள் முங்கிக்கிடந்தன. நுரையில் நிற்கிற வண்டியை எடுத்துக்கொண்டு கோபமாகப் போகவும் முடியாது. கோபத்தை எடுத்துக்கொண்டு நடந்துதான் போகவேண்டும்.

ரோட்டைக் கடந்து டீக்கடைக்கு வந்து, பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். பின்னாலேயே குமரவேலும் வந்து அதே பெஞ்சின் மறு நுனியில் உட்கார்ந்தார். நடுவில் ஒரு புது ஆள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகச் செய்தித்தாளை விரித்துக்கொண்டிருந்தார்.

"பச்சையம்மா, ஒரு டீ! சர்க்கரை வேணாம்!"

"இன்னா சார், இன்னிக்காச்சும் பஸ்ஸு கெடைக்கலியா?"

தேவானந்தம் வெடித்தார். "பஸ்ஸாவது ஒண்ணாவது! கடை வாங்க வந்தேம்மா! நானும் இந்த மனுஷனும் காசோட போய் நிக்கிறோம், பூவு கட்டறேன், பொட்லம் பிரிக்கறேன்னு சொல்றான். கேளம்பாக்கத்துலேர்ந்து வந்து வரிசைல நிக்கற அளவுக்குக் கஸ்டமர். இப்படி ஓடற கடைய வெச்சுக்கிட்டு, விக்கவும் மாட்டேங்கறான், போர்டையும் கழட்ட மாட்டேங்கறான்! எதுக்கும்மா அந்த போர்டு? அந்த எழவு போர்டு எதுக்கு?"

பச்சையம்மா டீயை ஒரு ஆற்று ஆற்றி, கிளாஸை அவர் கையில் கொடுத்தாள்.

"இன்னா சார் நீ, அந்த போர்டு மாட்றதுக்கு முன்னால ஒரு வண்டி வராம ஈ ஓட்டிகினு இருந்தாரு அவரு; இப்ப உள்ள போற வண்டி அத்தினியும் உன்ன மாரி கடை வாங்க வந்து டெஸ்ட்டு பண்றவங்க வண்டிதான, அவங்க ஒக்காந்து பாக்கறதுக்குத்தான நானே இந்த பெஞ்ச வாங்கிப் போட்டேன்!"